கால்வேயின் பழைய கோட்டைகள், பெருவீடுகள்: ஆவணம் தேடத் தொடங்குபவர்களுக்கு

நுவரெலியாவுக்குப் போனவர்கள் கிரகரி ஏரியைப் பார்த்திருப்பார்கள். கொழும்பு அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கும் சிலையும் அதே மனிதருடையதுதான். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சர் வில்லியம் கிரகரி. அவருடைய சொந்த வீடு அயர்லாந்தின் மேற்கே, கால்வே கவுண்டியில், கார்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கூல் என்ற இடத்தில் இருந்தது. அவர் மறைந்த பிறகு மனைவி அகஸ்டா கிரகரி அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் டப்ளினின் அபே நாடக அரங்கத்துக்காக உழைத்தார். இன்று கூல் பூங்காவுக்குப் போனால் மரங்கள் இருக்கின்றன, ஏரி இருக்கிறது, வீடு இல்லை. 1941-இல் இடித்துவிட்டார்கள். அடித்தளம் மட்டும் மிச்சம்.

வீடுதான் போனது, தாள்கள் போகவில்லை. ஆனால் அவை சிதறிக் கிடக்கின்றன. கூல் எஸ்டேட்டின், அதாவது அந்தக் குடும்பத்தின் நிலவுடைமையின், தாள்கள் டப்ளினில் அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அகஸ்டாவின் எழுத்துகளில் பெரும்பங்கு நியூயார்க் பொது நூலகத்தில். குடும்பத் தாள்களில் ஒரு பகுதி அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில். வில்லியம் ஆளுநராக இருந்தபோது லண்டனுக்கு அனுப்பிய கடிதங்கள், கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. (காலனி அலுவலகம்) 54 என்ற வரிசையில். 1768-இல் இந்த நிலத்தை வாங்கிய ராபர்ட் கிரகரி கிழக்கிந்தியக் கம்பெனியில் பணம் சேர்த்தவர், பிறகு அதன் தலைவராகவும் ஆனவர். அவரைத் தேடினால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவேடுகளில் போய் நிற்பீர்கள்.

புதிதாகத் தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வீட்டின் பெயரைத் தேடல் பெட்டியில் போடுவார்கள், நாலு புகைப்படம் வரும், அதோடு நின்றுவிடும். வீட்டின் பெயரில் ஆவணம் உருவாவது குறைவு. நிலத்துக்கு வரி கட்டினார்கள், நிலத்தை அடமானம் வைத்தார்கள், குத்தகைக்கு விட்டார்கள், கடனில் இழந்தார்கள். எழுத்து உருவானது அந்த இடங்களில். அதனால் வீட்டை விட்டுவிட்டு நிலத்தையும் குடும்பத்தையும் தேடுங்கள். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒரு வழியின் படிகள்தான். கால்வேயை எடுத்துக்கொண்டு சொல்கிறேன், மற்ற கவுண்டிகளுக்கும் பெரும்பாலும் இதே பாதை.

முதல் வேலை: டவுன்லேண்டைக் கண்டுபிடிப்பது

அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாடு முழுக்க 60,000-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தது சிவில் பாரிஷ், பல பாரிஷ்கள் சேர்ந்தது பாரனி. இவற்றோடு 1838-க்குப் பிறகு ஏழைகள் நிவாரணத்துக்காக உருவான யூனியன் என்ற பிரிவும் உண்டு. நீங்கள் தேடும் வீட்டுக்கு இந்த நாலும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

லோகைன்ம் என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் பெயரைப் போட்டால் ஐரிஷ் வடிவமும் ஆங்கில வடிவமும் பிரிவுகளும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை. கால்வே கவுண்டிக்குள்ளேயே லாங்ஃபோர்ட், லீட்ரிம், கிளேர் என்ற பெயர்களில் பாரனிகள் இருக்கின்றன. அதே பெயர்களில் தனித்தனிக் கவுண்டிகளும் இருக்கின்றன. பழைய பத்திரத்தில் "லீட்ரிம்" என்று பார்த்ததும் லீட்ரிம் கவுண்டிக்கு ஓடிவிடாதீர்கள்.

அப்புறம் "காசில்" என்ற சொல். கல் கோபுரமாக நிற்கும் உண்மையான கோட்டைகள் பெரும்பாலும் 15, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோபுர வீடுகள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நிலக்கிழார்கள் கட்டிய மாளிகைகளுக்கும் காசில் என்றே பெயர் வைத்தார்கள். கட்ரா ஏரிக்கரையில் இருக்கும் காசில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் வரைந்த மாளிகை. போருக்காகக் கட்டியது இல்லை. உங்களுடையது எந்த வகை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஆவணப் பாதை வேறு.

அதைத் தீர்மானிக்க இரண்டு அரசுத் தளங்கள் போதும். தேசிய நினைவுச் சின்னங்கள் துறையின் இணைய வரைபடத்தில் பழைய கோட்டைகள் எல்லாம் புள்ளிகளாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கால்வே என்றால் ஜி.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும், அடுத்து வரும் இலக்கங்கள் கீழே சொல்லப்போகும் ஆறு அங்குல வரைபடத்தின் தாள் எண். 1700-க்குப் பிந்தைய கட்டடங்களுக்குத் தேசியக் கட்டடக்கலை மரபுப் பட்டியலைப் பாருங்கள். அதில் எட்டு இலக்கப் பதிவு எண்ணோடு படமும் விவரிப்பும் இருக்கும். பழைய தோட்டங்களுக்கும் அங்கேயே தனிக் கணக்கெடுப்பு உண்டு.

வரைபடங்கள்: இரண்டை அருகருகே வையுங்கள்

அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே செய்த ஆறு அங்குல வரைபடத்தின் முதல் பதிப்பு கால்வேக்கு 1830-களின் இறுதியில் அளக்கப்பட்டது. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவு. இதற்கு அடுத்த பெரிய கணக்கு 25 அங்குல வரைபடம், 1888-க்கும் 1913-க்கும் இடையில் வந்தது. இரண்டையும் இணையத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நகர்த்திப் பார்க்கலாம், காசு வேண்டாம்.

முதல் பதிப்பில் நிலக்கிழார் தனக்கென வைத்துக்கொண்ட வளாகம் மெல்லிய புள்ளி நிழலோடு தெரியும். அதற்கு டிமேன் என்று பெயர். அதற்குள் வாயில் காவலர் வீடு, மதில் சூழ்ந்த தோட்டம், பனிக்கட்டி சேமிக்கும் குழி, சுண்ணாம்புக் காளவாய் எல்லாம் தனித்தனியே குறித்திருப்பார்கள். வீடு இடிந்து நூறு வருடம் ஆகியிருந்தாலும் அதன் தரைவடிவம் இந்தத் தாளில் அப்படியே இருக்கும்.

ஆனால் டிமேனின் மதிலுக்கு வெளியேயும் பாருங்கள். 1830-களின் தாளில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் கொத்துக்கொத்தாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குடிசை. 25 அங்குலத் தாளில் பல கொத்துகள் காணாமல் போயிருக்கும். இடையில் நடந்தது 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுத்தால்தான் அரசு நிவாரணம் கிடைக்கும் என்று 1847-இல் ஒரு விதி வந்தது. அதை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் நாம் தொடக்கத்தில் பார்த்த அதே வில்லியம் கிரகரி. அந்த விதியே கிரகரி விதி என்று அழைக்கப்படுகிறது. ஒரு பெருவீட்டின் வரலாற்றை மதிலுக்கு உள்ளே மட்டும் எழுதினால் அது பாதி வரலாறுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிரிஃபித் மதிப்பீடு

வரைபடத்துக்கு அடுத்தபடி கிரிஃபித் மதிப்பீடு. வரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க நிலத்தையும் கட்டடத்தையும் மதிப்பிட்டார்கள். அச்சடித்த பட்டியலும் வரைபடமும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. டவுன்லேண்ட் பெயரைப் போட்டால் யார் குடியிருந்தார், யாரிடமிருந்து குத்தகை, எவ்வளவு நிலம், நிலத்தின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு என்று வரிசையாக வரும்.

படிக்கும்போது தடுமாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். "ஆபீஸஸ்" என்று இருந்தால் அலுவலகம் என்று நினைக்காதீர்கள், தொழுவம், லாயம், களஞ்சியம் போன்ற புறக்கட்டடங்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். குத்தகை கொடுத்தவர் என்ற இடத்தில் "இன் ஃபீ" என்று இருந்தால் குடியிருப்பவரே முழு உரிமையாளர். குடியிருப்பவராக ஒரு காவல்காரர் பெயர் இருந்தால் வீடு அப்போது காலியாக இருந்திருக்கலாம். குத்தகை கொடுத்தவர் பெயர் உங்கள் எஸ்டேட் குடும்பத்தின் பெயர் இல்லையென்றால் பதற வேண்டாம், அவர் நடுவில் இருந்து மேல்குத்தகைக்கு எடுத்து உள்குத்தகைக்கு விட்டவராக இருக்கலாம். கட்டட மதிப்பு வரிசையை மட்டும் கண்ணால் ஓட்டினாலே பெருவீடு எது என்று தெரிந்துவிடும்: குடிசைகளுக்குச் சில ஷில்லிங்குகள், மாளிகைக்குப் பத்துக்கணக்கில் பவுண்டுகள்.

இந்தப் பட்டியலை அச்சடிப்பதற்கு முன் அதிகாரிகள் களத்தில் எழுதிய வீட்டுப் புத்தகங்கள் டப்ளினில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். கட்டடத்தின் நீளம், அகலம், உயரம், தரக் குறியீடு எல்லாம் அதில் வரும். உங்கள் வீட்டுக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அச்சுக்குப் பின்னால் நடந்த மாற்றங்கள் ரத்துப் புத்தகங்களில் இருக்கும். குடியிருப்பவர் மாறினால் பழைய பெயரை அடித்து, அந்த வருடத்துக்குரிய வண்ண மையில் புதுப் பெயரை எழுதினார்கள். எல்.ஏ.பி. என்ற முத்திரை தெரிந்தால், நிலச் சட்டத்தின்கீழ் குத்தகைதாரரே நிலத்தை வாங்கிவிட்டார் என்று பொருள். அந்த முத்திரைகள் ஒரு பக்கத்தில் வரிசையாக விழும்போது ஒரு எஸ்டேட் கரைந்து போவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இந்தப் புத்தகங்களை வைத்திருந்த மதிப்பீட்டு அலுவலகம் 2023-இல் தால்ட்யே ஏரன் என்ற அமைப்போடு சேர்ந்துவிட்டது, அதனால் எந்தப் புத்தகத்தை எங்கே பார்க்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

குடும்பத்தைப் பிடித்துத் தேசிய நூலகத்துக்கு

இப்போது கையில் ஒரு குடும்பப் பெயர் இருக்கும். கால்வே பல்கலைக்கழகம் உருவாக்கிய நிலவுடைமைத் தரவுத்தளம் கனாக்ட், மன்ஸ்டர் மாகாணங்களின் எஸ்டேட்டுகளுக்கும் வீடுகளுக்கும் சுமார் 1700 முதல் 1914 வரை சுருக்கமான குறிப்பு தருகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்த ஆவணம் எந்தக் காப்பகத்தில் என்று சுட்டுவதுதான் அதன் உண்மையான பெருமை. கால்வேயில் தேடுகிறவர் இதைத் திறக்காமல் ரயில் டிக்கெட் எடுக்கக் கூடாது.

எஸ்டேட் தாள்கள் அதிகம் இருப்பது டப்ளின் கில்டேர் வீதியில் உள்ள தேசிய நூலகத்தில். வாடகைக் கணக்கு, காரியஸ்தரின் கடிதங்கள், குத்தகைச் சீட்டுகள், வீட்டுச் செலவுப் புத்தகங்கள். நல்ல உதாரணம் கிளான்பிராக். அஹாஸ்கிரா பக்கம் டிலன் குடும்பத்தின் வீடு, 1780-களில் கட்டியது. 1970-களில் வீட்டுப் பொருள்கள் ஏலம் போன காலத்தில் தாள்களும் புகைப்படங்களும் தேசிய நூலகத்துக்கு வந்துவிட்டன. 1984-இல் வீடு எரிந்து போனது. தாள்கள் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் குடும்பத்தில் கணவன் மனைவி இருவருமே ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர்கள். அதனால் வீட்டையும் விருந்தினரையும் மட்டும் அல்லாமல் வேலையாட்களையும் எஸ்டேட் மக்களையும் பார்க்க முடிகிறது. 1860 முதல் 1930 வரையிலான படங்கள், பலவற்றை நூலகத்தின் பட்டியலிலேயே திறந்து பார்க்கலாம்.

குடும்பத்தின் கடைசி வாரிசு யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், தாள்கள் அவர் பின்னால் போயிருக்கும். போர்ட்டம்னா கோட்டையைக் கட்டிய கிளான்ரிகார்ட் பர்க் குடும்பத்தில் கடைசி மார்க்விஸ் 1916-இல் வாரிசில்லாமல் இறந்தார். சொத்து இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹேர்வுட் மாளிகையின் லாசெல்ஸ் குடும்பத்துக்குப் போனது. அப்படியானால் தேடலும் யார்க்‌ஷயருக்குப் போக வேண்டும்.

உள்ளூர்க் காப்பகங்களை மறந்துவிடாதீர்கள். கால்வே கவுண்டி கவுன்சிலின் காப்பகத்தில் ஏழைகள் நிவாரண வாரியங்களின் கூட்டக் குறிப்பேடுகள் இருக்கின்றன. நிலக்கிழார்களும் அவர்களுடைய காரியஸ்தர்களும் அந்த வாரியங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

வில்லங்கச் சொத்து நீதிமன்றம்

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது. பஞ்ச காலத்தில் குத்தகை வரவில்லை, நிவாரண வரி ஏறியது, ஏற்கெனவே இருந்த அடமானங்களுக்கு வட்டி கட்ட முடியவில்லை. எஸ்டேட்டின் மேல் தலைமுறை தலைமுறையாக ஏறிய கடன், பெண் மக்களுக்கு எழுதிவைத்த சீதனம், விதவைக்குத் தர வேண்டிய ஆண்டுத்தொகை என்று வில்லங்கம் தீராததால் விற்கவும் முடியவில்லை. 1849-இல் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் வைத்தார்கள். சொத்தை ஏலத்தில் விற்று, கடன்காரர்களுக்குப் பங்கிட்டு, வாங்கியவருக்கு வில்லங்கமில்லாத உரிமை தருவது அதன் வேலை. 1858-க்குப் பிறகு இதன் இடத்தில் நிலச் சொத்து நீதிமன்றம் வந்தது.

ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு சிறு புத்தகம் அச்சடித்தார்கள். அதில் நிலம் பகுதி பகுதியாக, வரைபடத்தோடு, ஒவ்வொரு குத்தகைதாரர் பெயரும் அவர் கட்டிய தொகையும் குத்தகையின் கால அளவும் இருக்கும். சிலவற்றில் மாளிகையின் ஓவியமும் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேசிய நூலகத்திலும் தொகுப்புகள் இருக்கின்றன. கட்டணத் தளமான ஃபைண்ட்மைபாஸ்டில் பெயரைப் போட்டும் தேடலாம். கட்ரா ஏரிக்கரை மாளிகையை கார்ட் பிரபு குடும்பம் இழந்தது இந்த நீதிமன்றத்தின் வழியாகத்தான். 1854-இல் அது இந்தியாவில் சீக்கியப் போர்களை நடத்திய தளபதி ஹ்யூ காஃப் கைக்கு வந்தது. கனமாராவில் பாலினஹின்ச் மார்ட்டின் குடும்பம் ஏறத்தாழ 200,000 ஏக்கரைக் கடனில் இழந்தது. அந்த பாலினஹின்ச் மாளிகையை 1924-இல் வாங்கியவர் கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி, நவாநகர் மன்னர்.

படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். இது விற்பனைப் புத்தகம். "சிறந்த நிலையில் உள்ள மாளிகை" என்று எழுதியிருந்தால் அது விற்பவரின் வாக்கு. அதே வருடத்து மதிப்பீட்டோடு ஒப்பிட்ட பிறகு நம்புங்கள். குத்தகைதாரர் பெயர்களும் தொகைகளும் அப்படி இல்லை, வாங்குகிறவர் அவற்றை நம்பித்தான் பணம் போடுகிறார் என்பதால் கவனமாகத் தயாரித்தார்கள்.

பத்திரப் பதிவகம்

1708-இல் தொடங்கிய பத்திரப் பதிவகம் டப்ளின் ஹென்ரியெட்டா வீதியில் இருக்கிறது. அசல் பத்திரம் இங்கே இருக்காது. பத்திரத்தின் சாரத்தைச் சொல்லும் ஒரு பிரதியைப் பதிவு செய்தார்கள். அதற்கு மெமோரியல் என்று பெயர். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த படிமங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், வீட்டில் உட்கார்ந்தே வாரக்கணக்கில் தேடலாம்.

இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று பெயர் வரிசை. சொத்தை எழுதிக்கொடுத்தவர் பெயர் மட்டும்தான் அதில் வரும், வாங்கியவர் பெயர் வராது. 1833 வரை நிலம் எங்கே என்றும் சொல்லாது. மற்றொன்று நில வரிசை. கவுண்டிவாரியாக, முதல் எழுத்துவாரியாக இடப்பெயர்கள், 1828-க்குப் பிறகு பாரனிவாரியாகவும். ஒரே எழுத்துக்குள் அகரவரிசை கிடையாது, பொறுமையாகப் புரட்டத்தான் வேண்டும். நில வரிசையில் தொடங்குங்கள் என்பது என் ஆலோசனை. தொகுதி எண், பக்க எண், மெமோரியல் எண் மூன்றையும் எழுதிக்கொண்டு நகல் புத்தகத்துக்குப் போங்கள்.

இங்கே விழ வாய்ப்புள்ள குழிகள் நிறைய. ஒருவர் தன் முழு எஸ்டேட்டையும் ஐந்து ஷில்லிங்குக்கு ஒரு வருடக் குத்தகைக்கு விட்டதாகப் பத்திரம் சொல்லும். அதை நம்பி எழுதிவிடாதீர்கள். அது சட்டச் சடங்கு. முதல் நாள் பெயரளவுக்கு ஒரு வருடக் குத்தகை, மறுநாள் மீதி உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம். இரண்டும் சேர்ந்துதான் விற்பனை, திருமண ஏற்பாடு அல்லது அடமானம். இரண்டாவது பத்திரத்தைத் தேடுங்கள். 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது, ஆகவே "1740 பிப்ரவரி" என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1741. நில அளவு ஐரிஷ் ஏக்கரிலா சட்ட ஏக்கரிலா என்றும் பாருங்கள். 100 ஐரிஷ் ஏக்கர் என்பது சுமார் 162 சட்ட ஏக்கர். எஸ்டேட் திடீரெனப் பெருத்ததாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இன்னொன்று. கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்கள் இருந்த காலத்தில் அவர்கள் நிலம் வாங்க முடியாது, குத்தகையும் 31 வருடத்துக்கு மேல் கூடாது. 1778-இல்தான் இது தளர்ந்தது. கால்வேயின் பழைய வணிகக் குடும்பங்களில் கத்தோலிக்கர் நிறைய. 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒரு குடும்பம் பதிவகத்தில் தென்படவில்லை என்றால் அந்தக் குடும்பம் அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டுக்குள் இருந்தவர்கள்

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் முழுதாக, இலவசமாக, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. 1926 ஏப்ரல் 18-இல் எடுத்த கணக்கெடுப்புக்கு, தாள்களை மூடி வைக்கும் நூறாண்டுக் காலக்கெடு 2026-இல் முடிகிறது. பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் கட்டடப் படிவங்களையும் திறங்கள். பி1 படிவத்தில் சுவர், கூரை, அறைகள், முன்பக்க ஜன்னல்களின் எண்ணிக்கை. பி2 படிவத்தில் லாயம், வண்டிக்கொட்டகை, பால் அறை, பன்றிக்கொட்டில், உருளைக்கிழங்குக் கிடங்கு, உலைக்களம் என்று புறக்கட்டடங்களின் கணக்கு. 25 அங்குல வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் இந்தப் படிவத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

கணக்கெடுத்த இரவில் குடும்பம் லண்டனில் இருக்கும், வீட்டில் வேலையாட்கள் மட்டும் இருப்பார்கள். அதில் ஏமாற்றம் வேண்டாம். சமையல்காரி எந்தக் கவுண்டியில் பிறந்தவள், என்ன மதம், ஐரிஷ் பேசத் தெரிந்தவளா, எழுதப் படிக்கத் தெரியுமா என்று அந்தத் தாள் சொல்கிறது. வேறு எந்த ஆவணமும் அவள் பெயரைச் சொல்லியிருக்காது.

19-ஆம் நூற்றாண்டின் கணக்கெடுப்புகள் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 1861, 1871 தாள்களை அரசே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக்கூழுக்குப் போயின. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பாலானவை, உள்நாட்டுப் போரில் 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தபோது சாம்பலாயின. நூற்றாண்டு முடிந்த 2022-இல் டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் மெய்நிகர் ஆவணக் கருவூலம் என்ற தளம் திறக்கப்பட்டது. அழிந்தவற்றின் நகல்களை உலகெங்கும் தேடிச் சேர்க்கிறார்கள். "எல்லாம் 1922-இல் எரிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்திரப் பதிவகமும் மதிப்பீட்டு அலுவலகமும் தனி இடங்களில் இருந்ததால் தப்பின.

எரிந்த வீடுகள்

அதே ஆண்டுகளில் பெருவீடுகளும் எரிக்கப்பட்டன. 1779-இல் கட்டிய டைரோன் மாளிகை 1920-இல். அகஸ்டா கிரகரி பிறந்து வளர்ந்த ராக்ஸ்பரோ 1922-இல். எரிந்த வீட்டுக்கு எரியாத வீட்டைவிட நல்ல ஆவணம் கிடைப்பது உண்டு, ஏனென்றால் உரிமையாளர் இழப்பீடு கேட்டார். கேட்கும்போது அறைவாரியாக மேசை, நாற்காலி, ஓவியம், புத்தகம் என்று பட்டியலிட்டார். உள்நாட்டுப் போர்க் கால இழப்பீட்டுக் கோப்புகள் டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் நிதித்துறை வரிசையில் உள்ளன. அதற்கு முந்தைய 1919–21 விடுதலைப் போர் இழப்புகளுக்குக் கியூவில் சி.ஓ. 905, ஐரிஷ் மானியக் குழுவின் கோப்புகளுக்கு சி.ஓ. 762. பட்டியலில் உள்ள மதிப்பு பணம் கேட்பவர் சொன்ன மதிப்பு என்பதை மறக்காமல், குழு கடைசியில் எவ்வளவு கொடுத்தது என்றும் பாருங்கள். உள்ளூர் வழக்கு விவரம் கனாக்ட் ட்ரிப்யூன், டூம் ஹெரால்ட் செய்தித்தாள்களில் வந்திருக்கும்.

கோபுரக் கோட்டைகளுக்கு

பழைய கோபுரக் கோட்டை என்றால் மேலே சொன்ன பல ஆவணங்கள் உதவாது. 1574-இல் கால்வேயின் கோட்டைகளையும் அவற்றின் உரிமையாளர்களையும் பட்டியலிட்ட ஒரு ஆவணம் இருக்கிறது, கால்வே தொல்லியல் வரலாற்றுச் சங்கத்தின் இதழில் அச்சாகியிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டுக்கு சர்வே மற்றும் பங்கீட்டுப் புத்தகங்கள். 1641-இல் நிலம் யாருடையது, ஆங்கிலத் தளபதி குரோம்வெல் காலத்துப் பறிமுதலுக்குப் பிறகு யாருக்குப் போனது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அதே குரோம்வெல் காலத்தில் நிலத்தை அளந்து வரைந்த புகழ்பெற்ற டவுன் சர்வே (Down Survey) வரைபடங்களைத் தேடி கால்வேக்குக் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். 1630-களில் அயர்லாந்தை ஆண்ட அரசப் பிரதிநிதி ஸ்ட்ராஃபோர்டு காலத்தில் அளந்த கணக்கு கையில் இருந்ததால் கால்வேயைத் திரும்ப அளக்காமல் விட்டார்கள்.

கோட்டையின் பெயர் காலத்துக்குக் காலம் மாறும். இன்று எல்லோரும் தூர் பாலிலீ என்று சொல்லும் கோபுரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் கவிஞர் யேட்ஸ். கூல் எஸ்டேட்டோடு இருந்த அந்தக் கோபுரத்தை 1917-இல் அரசு வாரியம் ஒன்றிடமிருந்து 35 பவுண்டுக்கு வாங்கினார். 19-ஆம் நூற்றாண்டுத் தாள்களில் "தூர்" என்று தேடினால் எதுவும் வராது.

ஊர் வாய்வழக்குக்கு 1937–39-இல் பள்ளிக் குழந்தைகள் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் தொகுப்பு டூகஸ் தளத்தில் இருக்கிறது. நிலக்கிழார்களைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதை எஸ்டேட் தாள்களில் பார்க்க முடியாது, இங்கே பார்க்கலாம்.

வாசிப்பறையிலும் களத்திலும்

வாசகர் அட்டை இலவசம், புகைப்பட அடையாளச் சான்று கொண்டுபோங்கள். பேனா கூடாது, பென்சில்தான். பை பெட்டகத்தில். கையெழுத்துப் பிரதிகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெட்டி வந்ததும் முதலில் குறிப்பெண்ணை எழுதுங்கள், பிறகுதான் படமெடுப்பது. குறிப்பெண் இல்லாத படத்தை ஆறு மாதம் கழித்து எதனோடும் சேர்க்க முடியாது. தேடிக் கிடைக்காததையும் தேதியோடு எழுதி வையுங்கள், அதே தொகுதியை இரண்டாம் முறை புரட்டும் வேலை மிச்சம்.

இடத்துக்குப் போவதென்றால் குளிர்காலத்தில் போங்கள். இலை உதிர்ந்திருப்பதால் சுவரும் பழைய பாதையும் தெரியும். இடிந்த வீடுகள் பெரும்பாலும் தனியார் நிலத்தில் இருக்கின்றன, பண்ணைக்காரரைக் கேட்டுவிட்டு நுழையுங்கள். பல சமயம் அவர் சொல்லும் கதைதான் நாளின் பெரிய லாபம். சுவருக்கு அடியில் நிற்காதீர்கள். தொல்பொருள் தேட உலோகம் தேடும் கருவியை அனுமதி இல்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

தொடங்குவதற்குக் கூல் நல்ல இடம். பொதுப் பூங்கா, யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதல் பதிப்பு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டின் அடித்தளத்தின் மேல் நில்லுங்கள். மதில் தோட்டமும், விருந்தினர்கள் பெயரெழுத்தைச் செதுக்கிய செம்பு பீச் மரமும் இன்னும் இருக்கின்றன. பிறகு வளாகத்துக்கு வெளியே, வரைபடத்தில் புள்ளிகள் கொத்தாக இருக்கும் ஒரு டவுன்லேண்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இருந்தவர்களின் பெயர்கள் கிரிஃபித் பட்டியலில் இருக்காமல் போகலாம், அது பஞ்சத்துக்குப் பிந்தையது. தேவாலய வரிக்காக 1823 முதல் 1837 வரை எழுதிய டைத் புத்தகங்களைத் திறங்கள், தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். நிலமில்லாத கூலியாட்கள் அதில் வரமாட்டார்கள். கூட்டாகப் பயிரிட்டவர்களில் ஒருவர் பெயரை எழுதி "மற்றும் கூட்டாளிகள்" என்று முடித்திருப்பார்கள். கிடைத்த பெயர்களை அந்த வரைபடத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.